இடிக்கு வழி காட்டியவர்

மரக்காணம் என்றதும் நம் மனக்கண்முன் வருவது உப்பளம். கிழக்கே வங்கக் கடல். அருகே கழுவெளி ஏரி. ஊடே பக்கிங்காம் கால்வாய். கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாத்தி பாத்தியாக உப்பு நீர் வெயிலில் மின்னுகிறது. அங்கே மரமில்லை, மேடில்லை, நிழலில்லை. ஓலை வேய்ந்த சில கொட்டகைகளும், ஓலையால் மூடிய உப்புக் குவியல்களுமே தலை நிமிர்ந்து நிற்கின்றன.

தை பிறந்தால் அங்கு வேலை தொடங்கும். ஐப்பசி மழை வரும்முன் வாரியது வரை இலாபம். ஆனால் கோடையிலும் ஆடி, ஆவணியிலும் மாலை வேளைகளில் மேற்கே கருமேகம் திரண்டு இடி முழங்குவதுண்டு. மழை விழுந்தால் பாத்தியில் விளைந்த உப்பு கரைந்துவிடும். ஆகவே அந்த நேரத்தில் வெளியேற வேண்டியவர்கள், இன்னும் இரண்டு பாத்தியை வாரிவிடலாமே என்று விரைந்து கை நீட்டுகிறார்கள். அந்தப் பரந்த வெளியில் உப்பு நீரில் வெறுங்காலுடன் நிற்கும் அந்தத் தாயைவிட உயர்ந்த பொருள் சுற்றிலும் வேறொன்றும் இல்லை. மின்னலோ உயர்ந்த பொருளைத்தான் பெரும்பாலும் நாடுகிறது.

இடி இடித்தால் நம் ஊர்ப் பாட்டிமார் அர்ச்சுனன் பெயரைச் சொல்லுவார்கள். நம்மில் பலர் செபமாலையைக் கையில் எடுப்போம். அச்சம் வந்தபோது இறைவனை நாடுவது மனித இயல்பு. ஆனால் இடிக்கு அஞ்சி நடுங்கிக்கொண்டிருந்த உலகில், அதன் இயல்பை ஆராய்ந்து, அது தீங்கின்றி மண்ணுக்குள் இறங்க ஒரு வழியை வகுத்துத் தந்தார் ஒருவர். அவரே பெஞ்சமின் பிராங்க்ளின். அவருடைய வாழ்க்கையை இவ்வாண்டு மலரில் சிறிது காண்போம்.

பிறப்பும் இளமையும்

பிராங்க்ளின் 1706-ஆம் ஆண்டு சனவரி 17-ஆம் நாள் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தையார் மெழுகுவர்த்தியும் சவுக்காரமும் செய்து விற்பவர். குடும்பத்தில் பிள்ளைகள் பதினேழு பேர். நம் பெஞ்சமின் பதினைந்தாமவர். இத்தனை வயிறுகளுக்கு உணவு தேட வேண்டிய வீட்டில் படிப்புக்கு ஏது பணம்? அவர் பள்ளிக்குச் சென்றது இரண்டே ஆண்டுகள். பத்து வயதில் தந்தையின் பட்டறையில் மெழுகுவர்த்தித் திரி நறுக்கினார். பன்னிரண்டு வயதில் அண்ணனின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார்.

அச்சகமே அவருக்குப் பள்ளிக்கூடம் ஆயிற்று. கையில் கிடைத்த நூல்களையெல்லாம் இரவில் கண்விழித்துப் படித்தார். அண்ணனுடன் மனத்தாங்கல் ஏற்படவே, பதினேழாம் வயதில் வீட்டைவிட்டு வெளியேறிப் பிலடெல்பியா நகரை அடைந்தார். அயரா உழைப்பால் அங்கே சொந்த அச்சகம் நிறுவினார்; செய்தித்தாள் நடத்தினார்; ஆண்டுதோறும் பஞ்சாங்கம் ஒன்றும் வெளியிட்டார். 1731-இல் நண்பர்களோடு சேர்ந்து, சந்தா கட்டி நூல்களைப் பெற்றுப் படிக்கும் நூலகம் ஒன்றைத் தொடங்கினார். 1736-இல் தீயணைப்புத் தொண்டர் குழு ஒன்றை அமைத்தார். தீ பிடித்த பின் ஓடுவதைவிடப் பிடிக்காமல் காப்பதே மேல் என்பது அவர் கொள்கை.

இங்கே நாம் இன்னொருவரையும் நினைக்க வேண்டும். பிராங்க்ளினுக்கு ஜேன் என்றொரு தங்கை இருந்தார்; ஆறு ஆண்டு இளையவர். அண்ணனைப் போலவே படிப்பில் ஆவல் மிக்கவர். பதினைந்து வயதில் அவருக்குத் திருமணம் முடிந்தது. பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்று, அவர்களில் பெரும்பாலோரைத் தம் கண்முன்னே இழந்து, வறுமையில் உழன்றார். அண்ணனும் தங்கையும் வாழ்நாள் முழுதும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். ஒரே வீட்டில் பிறந்த இருவரில் ஒருவரை உலகமே அறியும். மற்றவரை அறிந்தவர் சிலரே. வாய்ப்பு என்பது எத்துணைப் பெரியது என்பதை, பெண்களுக்கென்றே அமைந்த பள்ளியில் பயிலும் நாம் உணர வேண்டாவா?

மின்சாரத்தின்மீது எழுந்த ஆவல்

நாற்பது வயதை நெருங்கும்போது பிராங்க்ளினின் கவனம் மின்சாரத்தின் பக்கம் திரும்பியது. கண்ணாடிக் குழாயைத் துணியால் தேய்த்தால் பொறி பறக்கும்; அந்நாளில் அது வேடிக்கை விளையாட்டாகவே கருதப்பட்டது. இலண்டனிலிருந்து நண்பர் ஒருவர் அனுப்பிய குழாயைக் கொண்டு பிராங்க்ளின் ஆராயத் தொடங்கினார். 1748-இல் அச்சுத் தொழிலின் பொறுப்பைக் கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டு, ஓய்வு நேரத்தை ஆராய்ச்சிக்கே கொடுத்தார்.

கூரிய முனையுள்ள கம்பியை மின்னேற்றிய பொருளின் அருகே கொண்டுபோனால் அதிலுள்ள மின்சாரம் ஓசையின்றி இறங்கிவிடுவதைக் கண்டார். பொறியும் மின்னலும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை போலும் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் உதித்தது. இரண்டும் ஒளிர்கின்றன, இரண்டும் வளைந்து நெளிந்து ஓடுகின்றன, இரண்டும் உலோகத்தின் வழியே செல்கின்றன, இரண்டும் உயிரைக் கொல்லவும் வல்லவை. அப்படியானால் உயரமான கட்டடத்தின்மீது கூரிய இரும்புக் கம்பியை நிறுத்தி, அதைத் தரைவரை கொண்டுவந்து மண்ணில் புதைத்தால், மின்னல் கட்டடத்தைத் தொடாமல் மண்ணுக்குள் போய்விடாதா? இதுவே அவர் கேட்ட கேள்வி.

அறிவாளியும் தவறு செய்வதுண்டு. 1750-இல் கிறிஸ்துமசுக்கு இரண்டு நாள் முன்பு, வான்கோழி ஒன்றை மின்சாரத்தால் கொல்ல முயன்று, கவனக்குறைவால் மின்சாரத்தைத் தம் உடம்பிலேயே பாய்ச்சிக்கொண்டார். நினைவிழந்து, உடல் நடுங்கி, பின்னர் தேறினார். அந்த அறிவீனத்தை மறைக்காமல் பிறருக்கு எழுதி எச்சரித்தது அவருடைய பெருந்தன்மை.

பங்குத் தந்தை ஓடி வந்த கதை

பிராங்க்ளினின் கருத்துகள் 1751-இல் இலண்டனில் நூலாக வெளிவந்தன. பிரான்சு நாட்டில் தாலிபார் என்ற அறிஞர் அந்நூலைக் கண்டு, பாரிசுக்கு அருகிலுள்ள மார்லி என்னும் சிற்றூரில் 40 அடி உயர இரும்புக் கம்பியை நிறுத்தினார். கம்பியின் அடிமுனை மண்ணைத் தொடாதபடி அமைக்கப்பட்டிருந்தது. 1752-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள் இடி முழங்கியபோது தாலிபார் ஊரில் இல்லை. காவலுக்கு இருந்த கோய்பியே என்ற முதிய படைவீரர், தமக்குச் சொல்லியிருந்தபடி கம்பியருகே உலோகத்தை நீட்டினார், பொறி பறந்தது. உடனே ஊர்ப் பங்குத் தந்தை இரௌலேவுக்கு ஆள் அனுப்பினார்.

பங்குத் தந்தை கல்மழையையும் பொருட்படுத்தாது ஓடினார். அதைக் கண்ட ஊர் மக்கள், முதியவர் இடி விழுந்து இறந்தார் போலும் என்று எண்ணிப் பின்தொடர்ந்து ஓடினார்கள். அங்கே பங்குத் தந்தை தாமே மீண்டும் மீண்டும் பொறியை எடுத்துக் காட்டி, நடந்ததை அன்றே தாலிபாருக்குக் கடிதமாக எழுதியனுப்பினார். மேகத்திலும் மின்சாரம் உண்டு என்பதற்கு முதற்சான்று எழுதியது ஒரு குருவின் கையே என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதன்றோ!

இச்செய்தி எட்டுமுன்பே பிராங்க்ளின் தம் மகன் வில்லியமின் துணையோடு பட்டம் விட்டு அதே உண்மையைக் கண்டார் என்பர். பட்டத்தின்மேல் இடி விழவில்லை. மேகத்தின் மின்சாரம் நனைந்த நூல் வழியே இறங்கிச் சாவியில் பொறியாயிற்று. இடி விழுந்திருந்தால் பிராங்க்ளினின் கதை அன்றே முடிந்திருக்கும். 1753-இல் இரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் இத்தகைய சோதனையில் ஈடுபட்ட ரிக்மான் என்ற பேராசிரியர் மின்னல் தாக்கி மாண்டார். ஆகவே மாணவியரே, இதனை எவரும் விளையாட்டாகவும் செய்து பார்த்தல் ஆகாது.

1753-ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தில் வீட்டைக் காக்கும் முறையை எல்லாரும் அறியும்படி பிராங்க்ளின் வெளியிட்டார். அதற்குக் காப்புரிமை கோரவில்லை. ஒரு காசும் பெறவில்லை. தம் வீட்டிலும் இடிதாங்கியை அமைத்து, மின்னேற்றம் பெற்ற மேகம் வந்தால் ஒலிக்கும்படி இரண்டு மணிகளை மாட்டினார். அவர் இலண்டன் சென்ற பின் அந்த மணியோசை அவருடைய மனைவி டெபோராவை அச்சுறுத்தியது. மணிகளிரண்டையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டால் ஓசை அடங்கும் என்று கணவர் கடிதம் எழுதினார்.

கோயில் மணியும் இடியும்

அக்காலத்து ஐரோப்பாவில், இடி முழங்கும்போது கோயில் மணியை ஒலித்தால் மின்னல் விலகும் என்று நம்பினர். உயர்ந்த கோபுரத்தின் கீழ், ஈரக் கயிற்றைப் பிடித்து நின்ற மணியடிப்போரே முதலில் பலியாயினர். முப்பத்து மூன்று ஆண்டுகளில் 386 கோபுரங்கள் தாக்கப்பட்டு, மணியடிப்போர் 103 பேர் இறந்தனர் என்று ஜெர்மனியின் மியூனிக் நகரில் வெளிவந்த நூலொன்று கணக்குக் காட்டியது.

இடிதாங்கி வைப்பது இறைவனின் கோபத்துக்குக் குறுக்கே நிற்பதாகும் என்று சிலர் எதிர்த்தனர். 1755-இல் பாஸ்டனில் நிலநடுக்கம் உண்டானபோது, இடிதாங்கிகளே காரணம் என்று ஒரு போதகர் குறை கூறினார். மழைக்குக் கூரை வேய்வது பாவமன்று எனில், இடிக்குக் கம்பி நடுவது மட்டும் எப்படிப் பாவமாகும் என்பதே பிராங்க்ளினின் விடை. மொராவியா நாட்டில் புரோகோப் திவீஷ் என்ற கத்தோலிக்கக் குருவும் 1754-இலேயே தம் இல்லத்தருகே இடிதாங்கி போன்ற கருவியை எழுப்பியிருந்தார். பின்னர் மழை பொய்த்தபோது, இதுதான் மழையை விரட்டியது என்று ஊரார் அதனைத் தகர்த்தெறிந்தனர்.

வெனிஸ் நகரத்துப் புனித மாற்கு ஆலயத்தின் மணிக்கூண்டு பல முறை இடியால் சிதைந்தது. 1776-இல் அதற்கு இடிதாங்கி பொருத்தப்பட்டது. ஜெபமும் அறிவும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை ஆலயங்களே உலகுக்குக் காட்டின.

வெடிமருந்துக் கிடங்கு

1769-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் இத்தாலியின் பிரெஷா நகரில் நேர்ந்த கொடுமையை எண்ணினால் நெஞ்சம் பதறும். கோபுரம் ஒன்றில் வெனிஸ் அரசு வெடிமருந்தைக் குவித்து வைத்திருந்தது. அதன்மேல் இடி விழுந்தது. நகரின் ஆறில் ஒரு பங்கு தரைமட்டமாயிற்று. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், மூவாயிரம் என்று கூறுவாரும் உண்டு.

பிரிட்டிஷ் அரசு விழித்துக்கொண்டது. தேம்சு நதிக்கரையில் பர்பிலீட் என்னுமிடத்திலிருந்த தன் வெடிமருந்துக் கிடங்குகளை எப்படிக் காப்பது என்று 1772-இல் ராயல் சொசைட்டியிடம் ஆலோசனை கேட்டது. அதற்கென அமைந்த குழுவில் பிராங்க்ளினும் ஒருவர். தொழிற்கூடங்களையும் கிடங்குகளையும் இடியிலிருந்து காக்க அரசே முன்வந்து அறிஞர்களைக் கேட்டதில் இது ஒரு முன்னோடி எனலாம். குழு கூர்முனைக் கம்பிகளை நிறுத்தச் சொன்னது. உறுப்பினருள் வில்சன் என்பவர் மட்டும் கூர்முனை இடியை வலிய அழைக்கும். மழுங்கிய முனையே வேண்டும் என்றார்.

1777-இல் அங்கிருந்த அலுவலகக் கட்டடத்தை இடி தாக்கிச் சில செங்கற்களைப் பெயர்த்தது. அதற்குள் அமெரிக்கர் விடுதலை கோரிப் போரில் இறங்கியிருந்தனர். பிராங்க்ளின் அவர்கள் பக்கம். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் தம் அரண்மனைக் கம்பிகளின் முனையை மழுங்கலாக மாற்றச் செய்தார்! முனையில் இருந்தது அறிவியலா, அரசியலா என்று உலகம் நகைத்தது.

உண்மையில் இரு சாராரும் முழு உண்மையை அறிந்திலர். கூர்முனை மேகத்தின் மின்சாரத்தை வடித்து இடி விழாமலே தடுக்கக்கூடும் என்றும் பிராங்க்ளின் நம்பினார், அது தவறு. இடி விழத்தான் செய்யும். கம்பியின் வேலை அதை மண்ணுக்கு அழைத்துச் செல்வதே. அண்மைக் காலத்தில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மலையுச்சியில் நடந்த ஆராய்ச்சியில், சற்று மழுங்கிய முனைகளே இடியை நன்றாக ஏற்பதாகத் தெரியவந்தது. பகைவனின் சொல்லிலும் ஓர் உண்மை இருக்கக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

பிந்திய வாழ்வு

1776-இல் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை உருவாக்கியவருள் பிராங்க்ளினும் ஒருவர். பிரான்சில் தூதராக இருந்து துணை தேடினார். 1783-இல் பாரிஸ் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். அவர் குறையற்றவர் அல்லர். நெடுங்காலம் வெளிநாட்டில் இருந்தமையால் மனைவியின் இறுதி நாளில் அருகில் இல்லை. அரசியல் வேற்றுமையால் பட்டம் விட்ட மகனுடனான உறவும் முறிந்தது. வீட்டில் அடிமைகளை வைத்திருந்தவர், முதுமையில் மனம் மாறி அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். அடிமைத்தனத்தை நீக்கும்படி 1790-இல் அமெரிக்கக் காங்கிரசுக்கு விண்ணப்பித்தார். அவ்வாண்டே ஏப்ரல் 17-இல், தமது 84-ஆம் வயதில் உயிர் நீத்தார்.

இன்று நமக்கு

அவர் மறைந்து இரு நூற்றாண்டுகள் கடந்தும் இடியின் அபாயம் நீங்கவில்லை. 1977-இல் மின்கம்பிகளில் இடி விழுந்து நியூயார்க் மாநகரமே ஓரிரவு இருளில் மூழ்கியது. 1994-இல் எகிப்தின் துரங்கா ஊரில் எரிபொருள் கிடங்கை மின்னல் தாக்க, எரியும் எண்ணெய் வெள்ளத்தில் மிதந்து ஊருக்குள் புகுந்து நானூற்றுக்கு மேற்பட்டோரை மாய்த்தது. 2022-இல் கியூபாவின் மத்தான்சாஸ் துறைமுகத்தில் ஓர் எண்ணெய்த் தொட்டியில் பற்றிய தீ அடுத்தடுத்த தொட்டிகளுக்கும் பரவியது. நம் சிவகாசிப் பகுதிப் பட்டாசு ஆலைகளிலும் இடி விழுந்து வெடிவிபத்துகள் நேர்ந்ததுண்டு. வெடிமருந்தும் எண்ணெய் ஆவியும் உள்ள இடத்தில் ஒரு சிறு பொறியே போதும். மின்கம்பி வழியே புகும் அதிர்வலை, தொலைவில் விழுந்த இடியாலும் இயந்திரங்களைப் பாழாக்கும்.

நம் கடற்கரைக்கு ஒரு தனிக் கவலையும் உண்டு. இடிதாங்கியின் உயிர் அதன் உச்சியில் இல்லை, அடியில் இருக்கிறது. மின்னலின்போது பல்லாயிரம் ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. அதை மண் ஏற்க வேண்டும். அதற்காகவே குழி தோண்டி, உலோகத் தகட்டையோ குழாயையோ புதைத்து, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காக இடுவது நம் நாட்டு வழக்கம். மண்ணில் மின்சாரம் எளிதில் பாய உப்பு துணை செய்கிறது. ஆனால் அதே உப்பும் உப்புக் காற்றும் இரும்பை அரிக்கின்றன. நடுவே அறுந்த கம்பி, இடியை வரவேற்றுவிட்டு வழி தெரியாமல் கட்டடத்துக்குள்ளேயே பாயவிடும். ஆகவே ஆலையாயினும், பள்ளியாயினும், கோயிலாயினும், ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் கம்பியையும் மண்ணிணைப்பையும் சோதித்தல் கட்டாயம்.

கட்டடத்துக்கு இடிதாங்கி உண்டு. உப்பளத்தில் நிற்கும் தாய்க்கு என்ன உண்டு? நம் நாட்டில் மின்னலால் ஆண்டுக்கு ஈராயிரத்துக்கு மேற்பட்டோர் இறக்கின்றனர் என்று அரசின் கணக்குகள் கூறுகின்றன. வயல்வெளியிலும் திறந்த வெளியிலும் வேலை செய்வோரே அவர்களில் மிகுதி. ஆதலால் மாணவியரே, இவற்றை வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள். இடி காதில் விழுந்தாலே ஆபத்து எல்லைக்குள் வந்துவிட்டோம் என்று பொருள். உடனே பாத்தியைவிட்டு வெளியேறி, கான்கிரீட் கட்டடத்திலோ மூடிய வண்டியிலோ ஒதுங்க வேண்டும். ஓலைக் கொட்டகையும் பனைமரத்தடியும் காப்பல்ல. கடைசி இடி ஓய்ந்து அரை மணி கழியும்வரை திரும்பக் கூடாது. மின்னல் தாக்கியவரின் உடம்பில் மின்சாரம் தங்கியிராது, அஞ்சாமல் தொடலாம். மூச்சு நின்றிருந்தால் உடனே மார்பை அழுத்தி முதலுதவி தொடங்கி, மருத்துவமனைக்குச் சொல்லியனுப்ப வேண்டும். கைப்பேசி உள்ள வீட்டில், புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் தாமினி என்னும் செயலி முன்கூட்டியே எச்சரிக்கை தரும். உப்பளத்தை நடத்துவோரும், கரைந்த உப்பைவிட ஓர் உயிர் பெரிதென்று எண்ணி, ஓடி ஒதுங்க அருகிலேயே ஓர் உறுதியான கட்டடம் எழுப்புவார்களாயின் அதுவே பெரும் அறம்.

இரண்டே ஆண்டுகள் பள்ளி சென்ற ஒரு மெழுகுவர்த்திக்காரர் மகன், தாம் அறிந்ததைக் காசுக்கு விற்காமல் உலகுக்கு அளித்தார். அது அரண்மனைக்கும் கோபுரத்துக்கும் ஆலைக்கும் சென்று சேர்ந்தது. உப்புப் பாத்தி வரை அதைக் கொண்டு சேர்க்கும் கடமை நமக்கு உண்டு. நம் பெற்றோர் வாரிய உப்பே எங்கோ ஒரு குழியில் கரியோடு கிடந்து இடிக்கு வழி விட்டுக்கொண்டிருக்கலாம். அந்த உப்பை வாரிய கைகளையும் நாம் காப்போமாக!